தரைப் பாடமும் வான் பயணமும்: ஜே.ஆர்.டி. டாட்டாவின் வாழ்க்கை

தீவகத்துப் பாடசாலைகளில் உயர்தர வகுப்பில் பௌதிகவியலையும் இணைந்த கணிதத்தையும் கற்கும் மாணவரிடம் எதிர்காலத்தில் என்னவாக விரும்புகின்றீர்கள் என வினவினால், பொறியியலாளர், கணக்காளர் என்னும் வழமையான விடைகளுக்கிடையே விமானி என்னும் விடையும் இப்பொழுது கேட்கின்றது. ஒரு தலைமுறைக்கு முன்னர் ஊர்காவற்றுறையிலோ வேலணையிலோ நெடுந்தீவிலோ எதிர்பார்த்திருக்க முடியாத விடை இது. விமான இரைச்சல் கேட்டவுடன் பதுங்குகுழிக்குள் ஓடிய சிறுவர் சிறுமியரே இன்று இப்பிள்ளைகளின் பெற்றோர். போர் முடிந்து பத்தாண்டுகளின் பின்னர், 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி விமான நிலையம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து வைக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து பயணிகள் விமானம் வந்திறங்கியது. கொரோனாவால் 2020இல் தடைப்பட்ட அச்சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. அண்ணாந்து பார்க்கும் பிள்ளைக்கு அந்த விமானத்தைச் செலுத்துபவராக வேண்டும் என்ற ஆசை எழுவதில் வியப்பில்லை.

இந்த ஆசையை அறிந்த பெற்றோர் முதலில் விசாரிப்பது பயிற்சிக்கு எவ்வளவு செலவாகும் என்பதையே. எந்த நாட்டில் படிக்கலாம், எத்தனை மாதங்களில் முடியும் என்பன அடுத்த கேள்விகள். பிள்ளை முதலில் எதைக் கற்க வேண்டும் என்று விசாரிப்போர் மிகக் குறைவு. விமானத்தின் சில்லுகள் நிலத்தை விட்டு எழுவதற்கு முன்னர் மேசையில் அமர்ந்து கற்க வேண்டிய பாடங்கள் பல உள. வான் போக்குவரத்துச் சட்டம், பறப்பின் தத்துவம், விமானத்தின் பொறிகளும் கருவிகளும், வளிமண்டலவியல், வழிகாணல், வானொலித் தொடர்பு, மனித ஆற்றலும் அதன் எல்லைகளும் என விரியும் இவற்றைத் தரைப் பாடங்கள் என்பர். பறக்கும் ஆவலில் துடிக்கும் இளையோர் இவற்றை எப்படியாவது கடந்து தீரவேண்டிய ஒரு படலையாகவே கருதுகின்றனர். எமது கருத்து வேறு. அதனை விளக்குவதற்கு, இந்திய மண்ணில் முதலாம் இலக்க விமானி அனுமதிப்பத்திரத்தைப் பெற்றவரும், பின்னர் உலகம் மதித்த விமான நிறுவனமொன்றை உருவாக்கியவருமான ஜே.ஆர்.டி. டாட்டாவின் வாழ்க்கையைத் துணையாகக் கொள்கின்றோம். தொழிலதிபராக அவரைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. நாம் இங்கு நோக்குவது அவருடைய வான் வாழ்க்கையை மட்டுமே.

ஜெகாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா 1904 யூலை 29ஆம் திகதி பாரிஸ் நகரிற் பிறந்தார். தந்தையார் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா, டாட்டா தொழிற் குழுமத்தைத் தோற்றுவித்த ஜம்சேட்ஜியின் உறவினரும் தொழிற் பங்காளரும் ஆவார். தாயார் சூசான் ஒரு பிரெஞ்சுப் பெண்மணி. தந்தையார் பம்பாய்க்கும் பாரிசுக்கும் இடையே அலைந்துகொண்டிருந்தமையால் பிள்ளைகளின் கல்வியும் நாட்டுக்கு நாடு மாறியது. வட பிரான்சில், ஆங்கிலக் கால்வாய்க் கரையில் உள்ள ஆர்டெலோ என்னும் ஊரில் குடும்பத்துக்கு ஒரு கோடைகால வீடு இருந்தது. அங்கு அயல் வீட்டுக்காரராக வாய்த்தவர் லூயி பிளேரியோ. 1909 யூலை 25ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் முதன்முதலாகக் கடந்து உலகப் புகழ் பெற்ற அதே பிளேரியோ தான்.

அவர் கடந்த கடல் பெரியதன்று. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலுள்ள கடலைவிடச் சற்றே அகலமானது. ஆயினும் அவரிடம் திசைகாட்டி இருக்கவில்லை. நடுக்கடலில் சில நிமிடங்கள் முன்னாலும் பின்னாலும் கரை தெரியாமல், எத்திசையிற் செல்கின்றோம் என்பதை அறியாமலே பறந்தார். எதிர்க்கரை கண்ணிற்பட்டபோது, தாம் இறங்க எண்ணியிருந்த இடத்திலிருந்து காற்று தம்மை ஒருபுறமாகத் தள்ளிக்கொண்டு சென்றுவிட்டதைக் கண்டார். துணிவும் நல்லூழும் அன்று அவருக்குக் கைகொடுத்தன. அந்தக் கடற்கரையில் பிளேரியோவின் விமானங்கள் வந்திறங்குவதைப் பார்த்து வளர்ந்த சிறுவன் ஜெகாங்கீர், தனது 15ஆவது வயதில் அங்கேயே முதன்முறையாக ஒரு விமானத்தில் ஏறிச் சில நிமிடங்கள் பறந்தான். அன்று பிடித்த ஆசை இறுதிவரை விடவில்லை.

ஆசை இருந்ததே அன்றி முறையான கல்வி அவருக்கு வாய்க்கவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயில வேண்டும் என்று ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளையில், பிரெஞ்சுக் குடிமகன் என்ற வகையில் கட்டாய இராணுவ சேவைக்கு அழைக்கப்பட்டார். குதிரைப் படையொன்றில் ஓராண்டு பணியாற்றினார். சேவையை நீடிக்க அவர் விரும்பியபோதிலும் தந்தையார் இடங்கொடுக்கவில்லை. பின்னர் அவர் இருந்த அணி மொரோக்கோவில் அழிந்துபோனது. அதன் பின்னராவது கேம்பிரிட்ஜ் செல்லலாம் என எண்ணியிருந்தவரைத் தந்தையார் 1925இல் பம்பாய்க்கு அழைத்துச் சம்பளமில்லாத் தொழில் பயிலுநராக நிறுவனத்திற் சேர்த்தார். அடுத்த ஆண்டே தந்தையார் காலமானார். தாயார் 1923இலேயே மறைந்துவிட்டார். 22 வயதில் குடும்பப் பொறுப்பு முழுவதும் அவர் தோளில் விழுந்தது. பட்டம் பெறவில்லையே என்ற குறை அவர் மனத்தில் வாழ்நாள் முழுவதும் இருந்தது. அக்குறையைத் தீர்க்க அவர் கண்ட வழி வாசிப்பு. உருக்கு, இரசாயனம், விமானம் எனத் தாம் தொட்ட ஒவ்வொரு துறையிலும் நூல்களைத் தேடிப் படித்துத் தம்மைத் தாமே கற்பித்துக்கொண்டார்.

1929இன் தொடக்கத்தில் பம்பாயில் விமானக் கழகம் திறக்கப்பட்டது. கழகத்தின் முதல் மாணவர்களில் ஒருவராக அவர் சேர்ந்தார். ஆசிரியருடன் மூன்றரை மணித்தியாலம் மட்டுமே பறந்த பின்னர் தனியாக விமானத்தைச் செலுத்த அனுமதிக்கப்பட்டார். 1929 பெப்ரவரி 10ஆம் திகதி, இந்திய பர்மிய விமானக் கழகம் வழங்கிய அனுமதிப்பத்திரம் அவருக்குக் கிடைத்தது. அதன் இலக்கம் 1.

இதை வாசிக்கும் மாணவர் சிலர் ஏங்கக்கூடும். மூன்றரை மணித்தியாலம் எங்கே, இன்று தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்கே சர்வதேச விதிகள் கேட்கும் 40 மணித்தியாலம் எங்கே! அக்காலத்துத் தரைப் பாடமும் மிகச் சிறியது. 1919ஆம் ஆண்டு பாரிஸ் உடன்படிக்கையின் வழிவந்த விதிகளின்படி, தனியார் விமானி அறிந்திருக்க வேண்டியவை விளக்குகளும் சைகைகளும், வான்வழி ஒழுங்குகள், சர்வதேச வான் சட்டம் என்பனவே. வளிமண்டலவியல் பற்றியோ கருவிகளைப் பற்றியோ எவரும் பெரிதாகக் கேட்கவில்லை. வானில் வேறு விமானங்கள் இல்லாத காலம் அது. அன்றியும் பம்பாய்க் கழகத்தில் அன்று பறக்க முடிந்தோர் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. டாட்டாவுக்குத் திறமை இருந்தது, அத்துடன் வசதியும் இருந்தது. எனவே அவருடைய மூன்றரை மணித்தியாலத்தை எமது பிள்ளைகள் அளவுகோலாகக் கொள்ள வேண்டியதில்லை. அந்த மூன்றரை மணித்தியாலத்துக்குப் பின்னர் அவர் எவ்வாறு கற்றார் என்பதே கவனிக்கத்தக்கது.

1930இல் நடைபெற்ற ஒரு போட்டிக்கு ஆகாகான் பரிசு அறிவித்திருந்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே, ஒரு மாதத்துக்குள், தனியாகப் பறந்து முடிக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுண். மூவர் களத்தில் இறங்கினர். டாட்டா கராச்சியிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார். ஆஸ்பி எஞ்சினியர் என்னும் 17 வயது இளைஞர் இங்கிலாந்திலிருந்து கிழக்கு நோக்கி வந்தார். மூன்றாமவர் மன்மோகன் சிங். எதிரெதிராகப் பறந்த முதலிருவரும் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அருகே அபூகீர் விமானத்தளத்திற் சந்தித்தனர். ஆஸ்பியின் விமானத்துக்கு எரிபொறிச் செருகிகள் பழுதாகி, மாற்றுக்கு எதுவுமின்றி அவர் அங்கே தவித்துக்கொண்டிருந்தார். டாட்டா தம்மிடமிருந்த உபரிச் செருகிகளைக் கொடுத்தார். ஆஸ்பி சில மணித்தியால வேறுபாட்டில் டாட்டாவை முந்திப் பரிசை வென்றார். அந்த இளைஞர் பின்னாளில் இந்திய விமானப்படையின் தளபதியானார்.

இக்கதையில் டாட்டாவின் பெருந்தன்மையை எல்லோரும் எடுத்துரைப்பர். எமது கவனத்தை ஈர்ப்பவர் மூன்றாமவர். மன்மோகன் சிங் துணிவிலோ கைத்திறனிலோ மற்றவர்களுக்குக் குறைந்தவர் அல்லர். ஆனால் முதல் முயற்சிகளில் ஐரோப்பாவின் மோசமான வானிலையில் சிக்கியும் வழி தவறியும் திரும்ப நேர்ந்தது. இறுதியில் அவர் இந்தியா வந்து சேர்ந்தபோது குறித்த ஒரு மாதக் காலம் கடந்துவிட்டிருந்தது. போட்டியைத் தீர்மானித்தவற்றுள் வழிகாணலும் வானிலையும் முக்கியமானவை. இவை இரண்டும் தரைப் பாடங்கள்.

வழிகாணல் என்பது என்ன? குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கோ நயினாதீவுக்கோ படகில் செல்லும் எமது மக்களுக்கு இதனை விளக்குவது கடினமன்று. காற்றும் நீரோட்டமும் பக்கவாட்டில் தள்ளும்போது படகின் அணியத்தை இறங்குதுறைக்கு நேராகப் பிடித்துச் சென்றால் படகு துறையை அடையாது என்பது சுக்கான் பிடிப்பவருக்குத் தெரியும். அவர் அணியத்தைக் காற்று வரும் பக்கமாகச் சற்றுத் திருப்பியே செலுத்துவார். எவ்வளவு திருப்புவது என்பதை அவர் பழக்கத்தால் அறிவார். விமானி அதனைக் கணக்கால் அறிய வேண்டும். ஏனெனில் அவருக்குக் கீழே துறையும் தெரியாது, பல வேளைகளில் தரையும் தெரியாது.

பலாலியிலிருந்து சென்னை ஏறத்தாழ நேர் வடக்கே, சுமார் 190 கடல் மைல் தொலைவில் உள்ளது. மணிக்கு 100 கடல் மைல் வேகத்திற் செல்லும் ஒரு சிறிய விமானம் நேர் வடக்கே முகம் வைத்துப் புறப்படுவதாகக் கொள்வோம். மேற்கிலிருந்து மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் கச்சான் காற்று வீசுகின்றது. இரண்டு மணித்தியாலம் கழித்து அந்த விமானம் சென்னையின் மேல் இராது. கரை தெரியாத தூரத்தில், 40 கடல் மைல் கிழக்கே, வங்காள விரிகுடாவின் மேல் எரிபொருளை எரித்துக்கொண்டிருக்கும். காற்றை ஒரு காவியாகவும் விமானத்தின் வேகத்தை இன்னொரு காவியாகவும் வரைந்து, முகத்தை மேற்கே ஏறத்தாழ 12 பாகை திருப்ப வேண்டும் என்று புறப்படுமுன் கண்டுகொள்வதே வழிகாணற் பாடத்தின் முதல் அத்தியாயம். உயர்தர மாணவருக்கு இக்கணக்குப் புதியதன்று. சார்பு வேகம் என்ற தலைப்பில் ஆற்றைக் கடக்கும் படகு பற்றி அவர்கள் செய்த அதே கணக்கு.

டாட்டாவின் வாழ்க்கையில் கோட்பாடு தொழிலாக மாறியது 1932இல். அரச விமானப் படையிலிருந்து விலகி இந்தியாவுக்கு வந்திருந்த நெவில் வின்சென்ட் என்பவர், கராச்சி வரை வந்து சேரும் இங்கிலாந்துத் தபாலைப் பம்பாய்க்கும் சென்னைக்கும் விமானத்திற் கொண்டு செல்லும் திட்டத்தை முன்வைத்தார். முதியவரான தோராப்ஜி டாட்டா அரைமனத்துடன் இரண்டு இலட்சம் ரூபாவை அதற்கு ஒதுக்கினார். 1932 ஒக்டோபர் 15ஆம் திகதி அதிகாலை, ஒற்றை எஞ்சின் கொண்ட புஸ் மொத் விமானத்தில் தபால் பைகளை ஏற்றிக்கொண்டு டாட்டா கராச்சியிலிருந்து தனியே புறப்பட்டார். அகமதாபாத்தில் மாட்டுவண்டியில் வந்த எரிபொருளை நிரப்பிக்கொண்டு பிற்பகலில் பம்பாய் ஜூகுவில் இறங்கினார். அங்கிருந்து வின்சென்ட் தபாலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சென்றார்.

அவ்விமானங்களில் வானொலி இல்லை. வழியில் அவர்களுக்கு உதவும் எந்தச் சாதனமும் தரையில் இல்லை. திசைகாட்டி, கடிகாரம், வரைபடம் ஆகிய மூன்றே துணை. ஜூகு சதுப்பு நிலமாதலால் மழைக்காலத்தில் அங்கு இறங்க முடியாமல் பூனாவுக்கு மாற வேண்டியிருந்தது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மழையைக் கொட்டும் மாதங்களில் அந்த மலையைக் கடந்தே தபால் சென்றாக வேண்டும். அதே காற்றுத்தான் மழையை அங்கே இறக்கிவிட்டு எமது தீவகத்தில் வறண்ட சோளகமாக வீசிப் புழுதியைக் கிளப்புகின்றது. அத்தகைய பருவத்திலும் கராச்சிக்குத் தபால் ஒரு தடவையேனும் பிந்தவில்லை என்று அக்கால இந்திய சிவில் விமானத்துறை தனது அறிக்கையிற் பாராட்டியது. இதனை வெறும் துணிவினாற் சாதிக்க முடியாது. துணிவுள்ளவன் ஒருமுறை மலையைக் கடப்பான். வாரந்தோறும் குறித்த நேரத்தில் கடப்பதற்கு மேகம் எங்கே தாழ்கின்றது, அமுக்கம் எவ்வாறு மாறுகின்றது, எரிபொருள் எத்தனை நிமிடத்துக்குப் போதும், எந்த இடத்தைத் தாண்டினால் திரும்ப முடியாது என்பனவெல்லாம் புறப்படுமுன்னரே தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இந்தத் தபால் வழி 1938இல் திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீண்டது. எமது தீவகத்துக்குத் தென்மேற்கே மன்னார்க் கடலைத் தாண்டி டாட்டாவின் சிறு விமானங்கள் இரத்மலானையில் வந்திறங்கின. பின்னர் 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதலாவது டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறை எனப்பட்ட பலாலியில் தரித்துச் சென்னைக்குப் பறந்தது. பாக்குநீரிணைக்கு மேலாகப் பறப்பது எமது மக்களுக்கு 2019இல் கிடைத்த புதுமையன்று, இடையில் இழந்து மீளப் பெற்ற ஒன்று என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகின்றோம்.

1938இல் தமது 34ஆவது வயதில் டாட்டா குழுமத்தின் தலைவரான பின்னரும் அவர் மனம் விமானத் துறையிலேயே ஊன்றியிருந்தது. 1946இல் நிறுவனம் எயார் இந்தியா எனப் பெயர் பெற்றது. 1948 யூன் 8ஆம் திகதி மலபார் பிரின்சஸ் என்னும் கொன்ஸ்டலேசன் விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக இலண்டனுக்குப் பறந்தது. 1953இல் இந்திய அரசு விமான சேவைகளைத் தேசியமயமாக்கியது. டாட்டா அதனை விரும்பவில்லை. எனினும் அரசு கேட்டுக்கொண்டதற்கிணங்க எயார் இந்தியாவின் தலைவராக, சம்பளம் எதுவும் பெறாமல், 1978 வரை பணியாற்றினார். பயணம் செய்யும்போதெல்லாம் குறிப்பேடும் கையுமாக இருந்து, உணவு முதல் திரைச்சீலை வரை கண்ட குறைகளை எழுதி அனுப்பினார் என்பது பலரும் அறிந்த செய்தி.

அவர் தலைமையில் நிகழ்ந்த இழப்புகளைப் பற்றி அவ்வளவாக எவரும் பேசுவதில்லை. விமானியாக விரும்பும் மாணவர் இவற்றை அறிந்திருக்க வேண்டும் என்று நாம் கருதுகின்றோம்.

1950 நவம்பர் 3ஆம் திகதி, அதே மலபார் பிரின்சஸ் ஜெனீவாவை நெருங்கும்போது அல்ப்ஸ் மலைத்தொடரின் மோன் பிளாங் மலையில் மோதியது. 48 பேர் மாண்டனர். பயணிகளிற் பெரும்பாலானோர் இங்கிலாந்தில் கப்பலேறச் சென்றுகொண்டிருந்த இந்திய மாலுமிகள். கப்பல் வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள் நிறைந்த எமது தீவகத்துக்கு அந்த வீடுகளின் நிலையை விளக்கத் தேவையில்லை.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1966 யனவரி 24ஆம் திகதி, எயார் இந்தியாவின் போயிங் 707 விமானம் அதே மலையில் மோதி 117 பேர் உயிரிழந்தனர். அணு விஞ்ஞானி ஹோமி பாபா அவர்களுள் ஒருவர். அவர் டாட்டாவின் நெருங்கிய நண்பர். விசாரணையிற் தெரியவந்தது இதுவே. விமானத்தின் வழிகாண் வாங்கிகள் இரண்டில் ஒன்று முன்னரே செயலிழந்திருந்தது. மலையைத் தாண்டிவிட்டதாக விமானி தவறாகக் கணித்துக் கூறினார். ராடார் திரையில் விமானத்தின் சரியான இடத்தைக் கண்ட கட்டுப்பாட்டாளர் அதனைத் திருத்தும் எண்ணத்துடன் ஒரு செய்தி சொன்னார். ஆனால் அச்செய்தியின் சொற்கள் போதிய தெளிவுடன் அமையவில்லை. விமானி அதனை வேறுவிதமாக விளங்கிக்கொண்டு, தாம் மலைக்கு அப்பால் இருப்பதாக நம்பித் தொடர்ந்து கீழே இறங்கினார். வானொலித் தொடர்பு என்ற பாடத்தில் இன்ன வேளையில் இன்ன சொல்லை மட்டுமே பயன்படுத்த வேண்டும், கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று வலியுறுத்துவதைச் சலிப்பாகக் கருதும் மாணவர் இந்த ஒரு விபத்தை ஆற அமரப் படிக்க வேண்டும்.

மூன்றாவது விபத்து பம்பாயிலேயே நிகழ்ந்தது. 1978 யனவரி முதலாம் திகதி இரவு, துபாய் நோக்கிப் புறப்பட்ட எம்பரர் அசோகா என்னும் போயிங் 747 விமானம், மேலெழுந்து இரண்டு நிமிடம் ஆவதற்குள் அராபியக் கடலில் வீழ்ந்தது. 213 பேர் மாண்டனர். விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவிகளில் தலைமை விமானிக்கு முன்னாலிருந்தது பழுதடைந்து, விமானம் வலப்புறம் சாய்ந்துவிட்டதாகக் காட்டியது. அவர் அதனை நம்பி இடப்புறம் திருப்பினார். வெளியே கும்மிருட்டு. கடலுக்கும் வானுக்கும் இடையே கோடு தெரியவில்லை. துணை விமானிக்கு முன்னாலிருந்த கருவியும் மாற்றுக் கருவியும் சரியாகவே காட்டிக்கொண்டிருந்தன. அவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதற்குள் விமானம் கவிழ்ந்துவிட்டது. அத்தலைமை விமானி அனுபவம் குறைந்தவர் அல்லர். கண்ணும் காதும் உடலும் இருட்டில் எவ்வாறு பொய் சொல்லும் என்பதும், ஒரு கருவியை மற்றொன்றால் எவ்வாறு சோதிப்பது என்பதும் தரைப் பாடத்தின் பகுதிகள். பரீட்சைக்காக ஒருமுறை படித்து மறந்துவிடத்தக்கவை அல்ல.

மூன்று விபத்துகளுக்கும் பொதுவான ஒன்றைக் காண்கின்றோம். மூன்றிலும் விமானத்தைச் செலுத்தியவர்களுக்குக் கைத்திறன் இருந்தது. குறைந்தபட்சம் பிந்திய இரண்டிலும் தாம் எங்கே இருக்கின்றோம், எந்நிலையில் இருக்கின்றோம் என்ற அறிவு சில நிமிடங்களுக்கோ சில செக்கன்களுக்கோ தவறியது.

எமது மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உயரமானி என்பது உண்மையில் வளியமுக்கத்தை அளக்கும் கருவி. நவம்பர், டிசம்பர் மாதங்களில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானொலி அறிவிக்கும்போது எமது கடற்றொழிலாளர் வள்ளங்களைக் கரையேற்றுகின்றனர். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த சூறாவளியை எமது முதியோர் இன்னும் மறக்கவில்லை. அதே தாழமுக்கத்துக்குள், கருவியைத் திருத்தி அமைக்காமற் பறந்து செல்லும் விமானி, கருவி காட்டும் உயரத்திலும் தாழவே பறந்துகொண்டிருப்பார். 10 ஹெக்டோ பஸ்கால் பிழைக்கு ஏறத்தாழ 300 அடி உயரம் பறிபோகும். வாடை, கச்சான், சோளகம், கொண்டல் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயரிட்டு வாழ்ந்த சமூகத்தின் பிள்ளைகளுக்கு வளிமண்டலவியல் அந்நியமான பாடமாக இருக்கத் தேவையில்லை.

ஆங்கிலம் ஒரு தடையாக இருக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. பாடநூல்களும் பரீட்சைகளும் அம்மொழியிலேயே அமைந்துள்ளன. சர்வதேசப் பறப்புக்குச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த நான்காம் நிலை ஆங்கிலத் தேர்ச்சியும் வேண்டும். இதற்கு ஓரிரு ஆண்டுகள் முன்கூட்டியே முயல்வது நல்லது. பெற்றோர் காணியை ஈடு வைத்துப் பயிற்சிப் பணத்தைக் கட்டுவதற்கு முன்னர் இரண்டு காரியங்களைச் செய்துகொள்வது நன்று. முதலாவது, விமானிகளுக்கென வகுக்கப்பட்ட மருத்துவப் பரிசோதனை. நிறங்களைப் பிரித்தறிய முடியாத குறை ஒருவருக்கு இருப்பது அங்கேதான் பல வேளைகளில் முதன்முதலாகத் தெரியவரும். இரண்டாவது, தரைப் பாட நூல்களை வாங்கி ஆறு மாதம் வீட்டில் இருந்து படித்துப் பார்ப்பது. அதற்கு இரத்மலானைக்குப் போகத் தேவையில்லை. நெடுந்தீவில் இருந்தும் படிக்கலாம். அந்த ஆறு மாதத்தில் பாடம் இனித்தால் மேலே செல்லலாம். கசந்தால் காணியாவது மிஞ்சும்.

1978 விபத்து நிகழ்ந்து ஒரு மாதத்தில், மொரார்ஜி தேசாயின் அரசு டாட்டாவை எயார் இந்தியாவின் தலைமைப் பதவியிலிருந்து நீக்கியது. தாம் வளர்த்தெடுத்த நிறுவனத்திலிருந்து தாம் நீக்கப்பட்ட செய்தியை அவர் பிறர் வாயிலாகவே அறிந்துகொண்டார். அது அவரை மிகவும் வருத்தியது. 1980இல் இந்திரா காந்தியின் அரசு அவரைப் பணிப்பாளர் சபையில் மீண்டும் சேர்த்துக்கொண்டது. தலைமைப் பதவி திரும்பவில்லை.

1982 ஒக்டோபர் 15ஆம் திகதி, முதற் தபால் பறப்பின் பொன்விழா நாளில், 78 வயதான அவர் பழைய ஒற்றை எஞ்சின் விமானமொன்றில் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு மீண்டும் பறந்தார். முதுமையில் இத்தகைய முயற்சி வீண் துணிச்சல் என எண்ணியோரும் இருந்தனர். அவர் ஆயத்தமின்றிப் புறப்படவில்லை. பல மாதங்களுக்கு முன்னரே பாதையும் விமானமும் எரிபொருளும் கணக்கிடப்பட்டிருந்தன. இந்திய அரசு 1992இல் அவருக்குப் பாரத ரத்னா விருதை வழங்கியது. 1993 நவம்பர் 29ஆம் திகதி ஜெனீவாவில் காலமானார். பாரிஸ் நகரின் பேர் லசேஸ் மயானத்தில் அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. அரசுடைமையாகி 69 ஆண்டுகள் கழித்து, 2022 யனவரி 27ஆம் திகதி, எயார் இந்தியா மீண்டும் டாட்டா குழுமத்தின் வசமாயிற்று.